பூவரசம் பீப்பியும் எரிகோ மதிலும்

போன மாதம் ஒரு ராத்திரி என் சித்தி மகள் பாளையங்கோட்டையிலிருந்து போன் போட்டாள். "அண்ணே, 'பைபிள்ஸ் பரீட் சீக்ரெட்ஸ்'னு ஒரு படம் இருக்காமே. என் மவன் பாக்கணும்னு நிக்கான். சபையில ஒருத்தர், அதப் பாத்தா இருக்கிற விசுவாசமும் போயிரும்ங்காரு. நீங்கதான் பெரியப்பாகூட பாத்தியளே, பாக்கலாமா?"

"தாராளமா பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறுத்தியது. அந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றனவே, அவள் கேட்டது எதை? அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சி 'நோவா' வரிசையில் 2008 நவம்பரில் காட்டிய இரண்டு மணி நேரப் படம் ஒன்று. 2011இல் பிபிசிக்காக பிரான்செஸ்கா ஸ்டாவ்ரகபூலு என்ற பேராசிரியை மூன்று பகுதிகளாக நடத்தியது இன்னொன்று. நானும் அப்பாவும் பார்த்தது முதலாவது. பார்த்தோம் என்று ஒரே சொல்லில் முடிக்கவும் முடியாது. இரண்டு மணி நேரப் படத்தைப் பார்த்து முடிக்க எங்களுக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

அது 2009. ஊர், நாசரேத். கலிலேயாவில் இருப்பது அல்ல, திருச்செந்தூர் ரயில் பாதையில் இருப்பது. சின்ன வயதில் இயேசு எங்கள் ஊர்க்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்டேஷன் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே. அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவர். யோசுவாவின் கூட்டம் சுற்றிவந்து ஊதியதும் எரிகோ பட்டணத்து மதில் இடிந்து விழுந்த பாடத்தை, ஒவ்வொரு மே மாதமும் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் அவர் எடுப்பது ஊரில் பிரசித்தம். பலசரக்குக் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்து, கோயில் வளவில் வேப்பமரத்தடியில் மதில்போல் அடுக்குவார். பிள்ளைகள் கையில் பூவரச இலையைச் சுருட்டிச் செய்த பீப்பி. ஏழு சுற்று சுற்றி வந்து எல்லாரும் ஒரே மூச்சில் ஊத வேண்டும். மதிலுக்குப் பின்னால் ஒரு பெரிய பையன் ஒளிந்திருந்து, சத்தம் கேட்டதும் பெட்டிகளைத் தள்ளிவிடுவான். இரண்டு வருஷம் நானே தள்ளியிருக்கிறேன்.

இந்தப் படத்துக்கு முன்னால் வேறு ஒரு சிடி ஊரில் சுற்றியது. ரோன் வையட் என்ற அமெரிக்கர் செங்கடலின் அடியில் பார்வோனுடைய தேர்ச்சக்கரங்களைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் சிடி. அவர் தொழிலில் மயக்கமருந்து கொடுக்கும் நர்ஸ், தொல்லியலாளர் இல்லை. பவளம் படர்ந்த ஏதோ ஒன்று மங்கலாகத் தெரியும், சக்கரம் என்பார்கள். வாலிபர் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சக்கரம்னா எடுத்துட்டு வந்து காட்ட வேண்டியதுதானல? தண்ணிக்குள்ளேயே வச்சிட்டுப் போட்டோ மட்டும் காட்டுதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான், நியூஜெர்சியிலிருந்து அக்கா மகன் நோவா படத்தின் டிவிடி அனுப்பியபோது அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

மின்வெட்டுக் காலம். எப்போது கரண்டு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் உண்டு, இருபது நிமிஷம் தாங்கும். படத்தின் கம்பீரக் குரலுக்கும், தாடி வைத்த நடிகர்கள் மணலில் புகைமூட்டமாக நடந்துபோவதற்கும் அந்த இருபது நிமிஷத்தைக் கொடுக்க எனக்கு மனசே வராது. இந்த வகைப் படங்களுக்கெல்லாம் உள்ள வியாதி இது: சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் ஒட்டகத்தை நடக்க விடுவார்கள். அப்பா அந்த இடங்களில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டியது மெர்னப்தா கல் வந்தபோது. 1896இல் பிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் தீப்ஸில் கண்டெடுத்த கருங்கல், ஆள் உயரத்துக்கும் மேலே, மூன்று மீட்டருக்குக் குறையாமல். இப்போது கெய்ரோவில் இருக்கிறது. கி.மு. 1208 வாக்கில் பார்வோன் மெர்னப்தா தன் வெற்றிகளைப் பீற்றிக்கொண்டு வெட்டிவைத்தது. கல்லின் அடிப்பகுதியில் கானான் தேசத்துப் பெயர்கள் சில வரும். அஸ்கலோன், கேசேர், அப்புறம் இஸ்ரவேல். வேதாகமத்துக்கு வெளியே அந்தப் பெயர் கிடைத்திருக்கும் மிகப் பழைய இடம் என்று பெரும்பாலான அறிஞர்கள் ஒப்புக்கொள்வது இதைத்தான். அதிலும் எழுதியிருப்பது, இஸ்ரவேலை வித்தில்லாமல் அழித்துவிட்டேன் என்று.

அதைவிட அப்பாவைப் பிடித்துக்கொண்டது இன்னொன்று. எகிப்திய எழுத்தில் ஒரு சொல்லின் கடைசியில், அது எந்த வகைப் பொருள் என்று காட்ட ஒரு குறி போடுவார்கள். மற்ற பெயர்களுக்கு ஊர், நாடு என்ற குறி. இஸ்ரவேலுக்கு மட்டும் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அதாவது மக்கள். "நிப்பாட்டு" என்றார் அப்பா. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "மத்ததெல்லாம் அஃறிணை. இது மட்டும் உயர்திணை. அப்போ இவங்களுக்கு இன்னும் ஊரு அமையலலே." தொகுப்பாளர் அதற்கு எடுத்துக்கொண்டதை விடக் குறைந்த நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

தாண் கல்லின் கதையும் அவருக்குப் பிடித்தது. 1993, வடக்கு இஸ்ரவேலில் தெல் தாண். அவ்ரஹாம் பிரான் நடத்திய அகழ்வு. கிலா குக் என்ற நில அளவைக்காரர், பொழுது சாயும் நேரத்தில் ஒரு பழஞ்சுவரைக் கடந்தபோது, சுவரில் கட்டிடக் கல்லோடு கல்லாகச் செருகியிருந்த ஒரு கருங்கல்லில் சாய்வெயில் பட்டு எழுத்துகள் எழும்பித் தெரிந்தன. உச்சி வெயிலில் போயிருந்தால் தெரிந்திருக்காது. அரமேய மொழி, கி.மு. 9ஆம் நூற்றாண்டு. எதிரி ராஜா ஒருவன் வெட்டிய வெற்றிக்கல். அதில் 'தாவீதின் வீடு' என்று வருகிறது. தாவீது என்று ஒருவர் இருந்ததேயில்லை என்று அதுவரை வாதாடியவர்கள் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்படியே போயிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் எரிகோ வந்தது.

அப்பாவின் அலமாரியில் பழைய பிரசங்கக் குறிப்புப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் ஜான் கார்ஸ்டாங் என்ற பேராசிரியர் 1930களில் எரிகோவைத் தோண்டி, யோசுவா காலத்தில் விழுந்த மதிலையே கண்டுவிட்டார் என்று போட்டிருக்கும். அந்த வரியை அப்பா எத்தனை மே மாதங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்! 1952இலிருந்து 1958 வரை அதே மேட்டைக் கேத்லீன் கென்யன் மறுபடி தோண்டினார். ஆழமாகக் குழி வெட்டி, மண்ணடுக்கு மண்ணடுக்காகப் பிரித்துப் பார்த்தார். கார்ஸ்டாங் காட்டிய மதில் யோசுவாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் வந்த நகரமும் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துபோயிற்று. இஸ்ரவேலர் வந்திருக்கக்கூடிய கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே மதில் சூழ்ந்த பட்டணம் எதுவும் இல்லை.

படம் இதை ஓரிரு நிமிஷத்தில் சொல்லிவிட்டு அடுத்த மேட்டுக்குப் போய்விட்டது. அப்பா எழுந்தார். கரண்டு போகவில்லை. "பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டு முற்றத்தில் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மா காப்பி கொண்டுபோய் வைத்தாள். காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

அடுத்த நான்கு நாள் அந்தப் பேச்சே இல்லை. நான் செய்தது தப்போ என்று ஆகிவிட்டது. எழுபத்தாறு வயது மனிதரிடம், நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னது பழைய கணக்கு என்று கம்ப்யூட்டரை வைத்துச் சொல்லி என்ன சாதித்தேன்? அம்மா வாய்விட்டே கேட்டாள்: "அவியளுக்கு நிம்மதியா இருக்கிறது ஒனக்குப் பொறுக்கலையால?"

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவரே வந்தார். கையில் வேதாகமம். சட்டைப் பையில், ஒரு முனை சிவப்பும் ஒரு முனை நீலமுமான பென்சில்; விடைத்தாள் திருத்திய காலத்தது. "ஏல, அந்த நோவா கதை சொல்லுத இடத்தத் திரும்பப் போடு."

படத்தில் அது சின்ன இடம்தான். ஜலப்பிரளயக் கதை ஒன்றாக இல்லை, இரண்டு கதைகள் பின்னிக் கிடக்கின்றன என்று அறிஞர்கள் சொல்வார்கள்: ஓரிடத்தில் எல்லா மிருகமும் ஒரு ஜோடி, இன்னோரிடத்தில் சுத்தமானவை ஏழு ஏழு ஜோடி, ஓரிடத்தில் நாற்பது நாள், இன்னோரிடத்தில் நூற்றைம்பது, ஒரு காகம், ஒரு புறா. நாங்கள் அன்று படத்தை அதற்கு மேல் ஓட்டவில்லை. அப்பா ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து, 'தேவன்' என்று வரும் இடத்தை நீலத்திலும் 'கர்த்தர்' என்று வரும் இடத்தைச் சிவப்பிலும் கோடு போட ஆரம்பித்தார்.

நம் தமிழ் வேதாகமத்தின் ஒரு பெரிய வசதி இது. எபிரெயத்தில் ஏலோகீம் என்று வரும் இடத்தில் தேவன், யாவே என்று நான்கு எழுத்துப் பெயர் வரும் இடத்தில் கர்த்தர். மொழிபெயர்த்தவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1753இல் பாரிசில் ஜான் அஸ்ட்ரூக் என்ற அரசவை வைத்தியர் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆதியாகமத்தில் கடவுள் பெயர் மாறுகிற இடங்களைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு பழைய ஏடுகள் தனித்தனியே பிரிந்து வரும் என்று அதில் காட்டினார். அவர் செய்த அதே வேலையை, இருநூற்றைம்பது வருஷம் கழித்து நாசரேத்தில் ஒரு தமிழாசிரியர், திருத்தும் பென்சிலை வைத்துக்கொண்டு அரிக்கேன் வெளிச்சத்தில் செய்தார்.

ஏழாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தில் பென்சில் நின்றது. பேழைக்குள் பிராணிகள் நுழைவது தேவன் கட்டளையிட்டபடி. அதே வசனத்தின் பின்பாதியில் கதவை அடைப்பது கர்த்தர். ஒரே வசனத்தில் நீலமும் சிவப்பும். அப்பா முகத்தில் நான்கு நாளாக இல்லாத களை வந்துவிட்டது. "பாத்தியா, தையல் தெரியுது! பாடபேதம் இல்ல இது. இடைச்செருகலும் இல்ல. ரெண்டு ஏட்ட ஒண்ணாச் சேர்த்துக் கட்டியிருக்கான். ரெண்டுலயும் ஒண்ணையும் தூரப் போட மனசு வரல."

சுவடியில் ஏடு மாறிக் கிடப்பதும், ஒரே பாட்டுக்கு ஊருக்கொரு பாடம் இருப்பதும் தமிழ் படித்தவருக்குப் புதுசா என்ன? உ.வே.சா. பட்ட பாட்டையெல்லாம் வகுப்பில் கதை கதையாகச் சொன்னவர். எரிகோவில் இடிந்துபோன ஆளை நோவாவின் பேழை தூக்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். படத்தை எடுத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு மடியில் வேதாகமம் இல்லாமல் அவர் படம் பார்க்கவில்லை. அதனால்தான் தோப்பு மாட்டியது.

அமெரிக்கத் தொல்லியலாளர் வில்லியம் டேவர் 1960களில் எபிரோனுக்கு மேற்கே கிர்பெத் எல்-கோம் என்ற இடத்தில் ஒரு கல்லறை எழுத்தைக் கண்டார். கி.மு. 8ஆம் நூற்றாண்டு. இறந்தவரை யாவேயும் அவருடைய அசேராவும் ஆசீர்வதித்ததாக அதில் இருக்கிறது. அசேரா கானானியப் பெண் தெய்வம். யூதேயாவில் வீடுகளைத் தோண்டினால் பெண் உருவச் சுடுமண் பொம்மைகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. கடவுளுக்கு மனைவி உண்டு என்று சாதாரண சனங்கள் நம்பினார்கள் என்பது டேவரின் முடிவு. அறையில் அம்மாவும் இருந்தாள். எனக்குக் கைகால் ஓடவில்லை.

அப்பாவோ, "அசேரான்னு நம்ம வேதத்துல எங்கேயும் படிச்ச ஞாபகம் இல்லையே" என்று தேடத் தொடங்கினார். இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில், மனாசே ராஜா ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்த விக்கிரகம் எது? தமிழில் 'தோப்பு விக்கிரகம்'. மூலத்தில் அங்கே இருப்பது அசேரா. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அதைத் தோப்பு என்று எழுத, லத்தீன் அதைப் பின்பற்ற, ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில வேதாகமத்திலும் தோப்பாகவே வந்து, கடைசியில் தமிழிலும் தோப்பாகவே நின்றுவிட்டது. ஒரு தெய்வத்தின் பெயரைத் தோப்பு மரம் மரமாக நின்று மறைத்துவிட்டது. நாற்பது வருஷம் அந்த அதிகாரத்தைப் படித்தவருக்கு அங்கே ஒரு பெண் இருப்பது தெரியாது. "நான் தென்னந்தோப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் அப்பா. அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோயிலுக்குள் அசேரா இருந்ததையும், அதை யோசியா ராஜா எடுத்து எரித்ததையும் வேதாகமமே மறைக்காமல் சொல்கிறது. தொல்லியலாளர் கண்டது வேதாகமம் கண்டித்ததைத்தான்.

கடைசி நாள் வெள்ளிச் சுருள். எருசலேமில், இன்னோம் பள்ளத்தாக்கின் ஓரம், 1979. கேபிரியேல் பார்க்காய் ஒரு பழங்கல்லறையைத் தோண்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பதின்மூன்று வயதுப் பையனின் நச்சரிப்பு தாங்காமல் அவனை ஒரு மூலைக்கு அனுப்பி, சுத்தம் பண்ணு என்றார். அவன் சலிப்பில் சுத்தியலால் தரையைத் தட்ட, தரை உடைந்தது. அது தரையே இல்லை, இடிந்து விழுந்த கூரை. கீழே, திருடர் கண்ணில் படாத அறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். அவற்றில் சிகரெட் துண்டுபோல இரண்டு வெள்ளிச் சுருள்கள். பிரிக்கவே மூன்று வருஷம் ஆயிற்று. பெரியது விரித்தபின் 97 மில்லிமீட்டருக்கு 27. பழைய பஸ் டிக்கெட் அளவு. சின்னது 39க்கு 11. கண்ணுக்குத் தெரியாத கீறல்களாக, எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் வரும் ஆரோனின் ஆசீர்வாதம். சவக்கடல் சுருள்களுக்கும் ஏறத்தாழ நானூறு வருஷம் முந்தியது. இன்று கையில் இருக்கும் வேதவாக்கிய எழுத்துகளில் இதைவிடப் பழையது இல்லை.

"எதுக்குல சுருட்டி வச்சிருக்கான்?" என்று கேட்டார் அப்பா.

"கழுத்துல கட்டிக்கிறதுக்கு. நடுவுல நூல் கோக்க ஓட்டை இருக்கு."

"அப்ப தாயத்து."

"தாயத்துதான்."

ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை பிள்ளைகளின் அரைஞாணிலிருந்து தாயத்தை அறுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அப்போது அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் பேசவில்லை.

படத்தில் குறை நிறைய. வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களும் நான்கு மூலங்களிலிருந்து வந்தவை என்பதை முடிந்துபோன விஷயம்போலச் சொல்கிறது; ஐரோப்பிய ஆய்வாளர் பலர் 1970களிலிருந்தே அந்தக் கணக்கை விட்டு விலகி வந்துவிட்டார்கள். எய்லாத் மசார் 2005இல் எருசலேமில் கண்ட பெரிய கட்டிடம் தாவீதின் அரண்மனைதானா என்ற சண்டைக்கும், சாலொமோனுடைய வாசல்கள் என்று சொல்லப்பட்டவற்றை இஸ்ரவேல் பிங்கெல்ஸ்டீன் ஒரு நூற்றாண்டு பின்னால் தள்ளிய சண்டைக்கும் படம் கொடுத்த நேரம் எனக்குப் பற்றவில்லை. இருந்தாலும் ஆத்சோர் என்ற மேட்டில் ஒரு காட்சி உண்டு. தீயில் கருகிய அரண்மனைச் சுவர்கள். அகழ்வின் தலைவர் அம்னோன் பென்-தோர், எரித்தது இஸ்ரவேலர் என்கிறார். அவரோடு சேர்ந்து தோண்டிய ஷரோன் சுக்கர்மான், இல்லை, அந்த ஊர்ச் சனங்களே ஆண்டவர்களுக்கு எதிராக எழும்பிவிட்டார்கள் என்கிறார். ஒரே குழி, ஒரே சாம்பல். தேர்ச்சக்கரச் சிடியில் இப்படி ஒருவரை ஒருவர் மறுக்க ஆளே கிடையாது. அந்த ஒரு காட்சிக்காகவே சித்தி மகளின் மகன் படத்தைப் பார்க்கலாம். மறுநாள் காலையில் அவளுக்குப் போன் போட்டு, நோவா படத்தையே பாருங்கள், பக்கத்தில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு பாருங்கள், ஒரே மூச்சில் பார்க்காதீர்கள் என்று சொன்னேன். "இப்ப எங்க மின்வெட்டு?" என்றாள்.

அந்த வருஷத்துக்கு அடுத்த மே மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் அப்பா பலசரக்குக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், அட்டைப்பெட்டிக்கு.

"அப்பா, இந்த வருஷமும் எரிகோவா?"

"பின்ன? பிள்ளையளுக்குப் பீப்பி ஊதண்டாமா?"

கார்ஸ்டாங் பேச்சை மட்டும் எடுக்கவில்லை, கவனித்துக்கொண்டே இருந்தேன். வேப்பமரத்தடியில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியாயிற்று. நாற்பது ஐம்பது பிள்ளைகள், வாய் நிறைய பூவரச இலை. முதல் சுற்று, இரண்டாம் சுற்று. மூன்றாவது சுற்றில் தேரிப் பக்கமிருந்து ஒரு காற்று சுழற்றிக்கொண்டு வந்தது. யாரும் ஊதவில்லை, பின்னாலிருந்த பையனும் தொடவில்லை. மதில் மொத்தமும் பொலபொலவென்று சரிந்தது. பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு சின்னப்பெண், "சார்வாள், முன்னாலேயே விழுந்துட்டு" என்று கத்தினாள்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பெட்டியை எடுத்து வைத்தார்.

"அடுக்குங்கல. இன்னும் நாலு சுத்து பாக்கி இருக்கு."